முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

2023 அக்டோபர் 30-ஆம் தேதி மும்பைத் தெருக்களிலிருந்து பிரீமியர் பத்மினி டாக்ஸி விடைபெற்றது. 2003 அக்டோபர் 29-இல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி வண்டிக்கு இருபது வருஷக் கெடு முடிந்துவிட்டது. அந்த வாரம் பத்திரிகைகளில் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று பத்து வருஷமாகப் புலம்பியவர்களும் அதில் உண்டு. அதே வண்டியின் மூத்த சகோதரர்களான 1960-களின் ஃபியட் 1100 கார்கள், தாதரிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. மழைக்கு மழை கொஞ்சம் கரைகின்றன. அவற்றுக்காக யாரும் கண்ணீர் விடுவதாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு வண்டியை வீட்டு வாசலில் வைத்து மூன்று வருஷம் வேலை செய்து ஓட வைத்தவன் என்ற முறையில், கேட்கும் அன்பர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நான் கார் மெக்கானிக் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளைப் பிரித்து மாட்டும் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் கழித்து, 2020-இல் ஓய்வு பெற்றவன். கார் விஷயத்தில் நான் கற்றுக்குட்டிதான்.

வண்டியின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1953-இல் ஜெனீவா கண்காட்சியில் ஃபியட் கம்பெனி அறிமுகப்படுத்திய கார் இது. டான்டே ஜியாகோசா என்ற பொறியாளர் தலைமையில் உருவானது. 'டோப்போலினோ', அதாவது சுண்டெலி, என்று இத்தாலியர்கள் செல்லப் பெயர் வைத்த 1936-ஆம் வருஷத்துக் குட்டிக் காரும் அவர் கைவண்ணமே. 1100 என்பதை இத்தாலிய மொழியில் 'மில்லெசென்தோ' என்பார்கள். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1950-களில் குர்லா தொழிற்சாலையில் இதைப் பூட்ட ஆரம்பித்தது. உருண்டு திரண்ட அந்த முதல் வண்டிகளுக்கு நம் பம்பாய்க்காரர்கள் வைத்த பெயர் 'டுக்கர் ஃபியட்'. டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. இத்தாலியில் எலி, இங்கே பன்றி! 1964-இல் 'டிலைட்' என்ற 1100-டி வந்தது. அதுவே 1970-களில் பிரீமியர் பிரசிடெண்ட் ஆகி, பிறகு பத்மினி ஆகி, கிட்டத்தட்ட 2000 வரை ஓடிற்று.

என்னிடம் வந்தது 1966-ஆம் வருஷத்து டிலைட். தாதர் பார்ஸி காலனியில் ஒரு மூதாட்டியின் கணவர் புதிதாக வாங்கிய வண்டி. அவர் காலமான பிறகு பதினான்கு வருஷம் ஒரே இடத்தில் நின்றிருந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை பேசி முன்பணமும் கொண்டுவந்துவிட்டார் என்ற நிலையில் ஒரு நண்பர் மூலம் எனக்குச் செய்தி வந்தது. அந்த அம்மையாருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. இரும்பு விலையை விடச் சற்றே கூட்டித்தான் கேட்டார். "டீக்ரா, இதற்கு வேறு எஞ்சின் வைக்காதே. ஓடினால் இதே எஞ்சினில் ஓடட்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் கொண்டுபோகட்டும்" என்றார். அறுபது வயதில் என்னை ஒருவர் மகனே என்று அழைத்து நிபந்தனை போட்டால் மறுக்க முடியுமா?

வேலை செய்ய இடம் கிடைப்பதுதான் மும்பையில் முதல் சோதனை. எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் இரண்டு கூட்டம் நடந்தது. பகல் இரண்டு முதல் நாலு வரை சத்தம் கூடாது, தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது, பெயின்ட் அடிக்கவே கூடாது என்று மூன்று நிபந்தனைகளோடு ஒரு மூலையைக் கொடுத்தார்கள். நியாயமான நிபந்தனைகள்தான். வீட்டில், "என்னங்க, ரிட்டயர் ஆனா காசிக்குப் போகலாம்னீங்க" என்ற ஒரே வாக்கியத்தோடு விஷயம் முடிந்தது. காசிக்கும் பிறகு போய் வந்தோம், ரயிலில்.

பழைய காரை எடுத்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது பெயின்ட் கடைக்குப் போவது. அடுத்தது பேட்டரி வாங்கி எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது. இரண்டும் வேண்டாம். முதல் இரண்டு மாதம் நான் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. படம் எடுத்தேன், நோட்டுப் புத்தகத்தில் வரைந்தேன், எது எதற்குப் பின்னால் போகிறது என்று எழுதினேன். ஒர்க்‌ஷாப்பில் பெட்டி பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தகட்டு எண் கட்டுவோம். அதே மாதிரி இங்கே பழைய பிஸ்கட் டின்கள். டின் எண், நோட்டுப் பக்க எண். மூன்று வருஷம் கழித்து ஒரு வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காமல் இருந்ததற்கு அந்த நோட்டுதான் காரணம்.

இன்னொரு ரயில்வே பழக்கமும் கைகொடுத்தது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. நான்கு பக்கமும் கனத்த மரக்கட்டை அடுக்கி, அதன்மேல் வண்டியை இறக்கி, கையால் ஒரு முறை பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் படுக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கிறவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கே வர வேண்டாம்.

இனி துரு. இந்த இடத்தில் பெரம்பூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1955-இல் திறக்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெயரிலேயே 'இன்டெக்ரல்' என்ற சொல் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து வடிவமைப்பில் வந்த அந்தப் பெட்டியில், அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி என்று கிடையாது. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே குழாய் மாதிரி பாரத்தைத் தாங்கும். ஆகவே கழிப்பறைக்குக் கீழே தரைத் தகடு அரித்தால் அது வெறும் ஓட்டை அல்ல. பெட்டியின் பலமே அங்கே குறைகிறது. ஃபியட் 1100-உம் அப்படித்தான். ஜீப்பிலும் லாரியிலும் இருப்பது போன்ற சேஸிஸ் இதில் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகடும் தரையும்தான் முதுகெலும்பு. மேலே பளபளவென்று பட்டி பூசி விற்கப்படும் பல வண்டிகளில் இந்த முதுகெலும்பு அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருக்கும். வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். தரை விரிப்பைத் தூக்கி, ஒரு ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். கெட்டது பேசாது.

என் வண்டியில் இடப்பக்கக் கதவின் கீழ்த் தகடு முழுக்கப் போயிருந்தது. காரணம் ஒரு சிறு துளை. மழைத் தண்ணீர் வெளியே வடிய அடியில் விட்டிருந்த துளையைச் சேறு அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே தங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்து தின்றுவிட்டது. ரயில் பெட்டியிலும் இதே கதையை நூறு முறை பார்த்திருக்கிறேன். இந்தத் தகட்டை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிளைத் தற்காலிகமாகப் பற்ற வைத்துக்கொள்ள வேண்டும். கதவு இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது. பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரமாக வைப்பதையும், பேட்டரி இணைப்பை எடுப்பதையும், பக்கத்தில் மணல் வாளி வைப்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வெல்டிங் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகட்டை வளையாமல் பற்ற வைப்பது வேறு கலை. அதற்கு குர்லாவிலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். மரச் சுத்தியல், மணல் பை, ஒரு துண்டு ரயில் தண்டவாளம், இவ்வளவுதான் அவர் ஆயுதங்கள். தட்டையான தகட்டிலிருந்து சக்கர வளைவின் கீழ்ப்பாகத்தை இரண்டு மணி நேரத்தில் அடித்து எடுத்தார். "உங்கள் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டார்களா?" என்று கேட்டேன். "அண்ணா, அவர்கள் பம்பர் விற்கிறார்கள். பிளாஸ்டிக். உடைந்தால் புதுசு" என்றார். உள்ளே துத்தநாக பிரைமர், அடியில் நாங்கள் பெட்டிகளுக்கு அடிக்கும் தார் வகைப் பூச்சு. வடிகால் துளைகளை மட்டும் திறந்து விட்டோம்.

நிற்க. இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன்.

ரயிலில் பழைய வேக்குவம் பிரேக் ஆனாலும் சரி, பின்னால் வந்த ஏர் பிரேக் ஆனாலும் சரி, அடிப்படை ஒன்றுதான். குழாய் உடைந்தாலோ பெட்டி கழன்றாலோ பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் வண்டி நிற்கும். 1960-களின் சிறிய காரில் இது தலைகீழ். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். ஒரே குழாய் வழியாக அது நான்கு சக்கரத்துக்கும் போகும். அந்த வழியில் எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. கோளாறு வந்தால் வண்டி நிற்காது! இப்போதைய கார்களில் எண்ணெய்ப் பாதையை இரண்டாகப் பிரித்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ஃபியட்டில் அந்த வசதி இல்லை. அதனால்தான் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே முழு பிரேக் வேலையையும் முடித்தேன்.

பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று எதையும் விடக் கூடாது. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெளியே வழவழவென்றிருக்கும். உள்ளே வீங்கி வழி அடைந்திருக்கும். மிதிக்கும் பலத்தில் எண்ணெய் உள்ளே போய்விடும், திரும்பி வராது. பிரேக் பிடித்தது பிடித்தபடியே நிற்கும். ஆகவே ரப்பர் என்று இருந்தது அத்தனையும் புதிது. இரும்புக் குழாய்களும் புதிது. சிலர் செப்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று போடுவார்கள். அதிர்வில் செம்பு இறுகி வெடிப்பு விடும், வேண்டாம். வீல் சிலிண்டர்களின் உட்பக்கம் குழி விழுந்திருந்தது. லேத்தில் கடைந்து மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறை இறக்கினோம். பழைய பிரேக் ஷூவின் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து எடுத்துக் கட்டிப் போட வேண்டும்.

கடைசியில் காற்று எடுப்பது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின் சக்கரம். எல்லாம் முடிந்ததும் முழு பலத்தோடு பெடலை ஒரு நிமிஷம் மிதித்தபடி இருங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கேயோ கள்ளன் இருக்கிறான். எனக்கு மிதித்துக் கொடுத்தது காசிக்குப் போக ஆசைப்பட்டவர்தான். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டபோது கடிகாரத்தில் நாற்பது விநாடி. பெடல் அசையவில்லை.

எஞ்சின் 1089 சி.சி. நான்கு சிலிண்டர். வார்ப்பிரும்பு பிளாக், அதன்மேல் அலுமினிய ஹெட். இரண்டு உலோகமும் தண்ணீரும் பதினான்கு வருஷமும் சேர்ந்தால் ஹெட் ஸ்டட்களில் ஒட்டிக்கொள்ளும். உளி வைத்து நெம்பினால் அலுமினியம் பிளந்துவிடும், புது ஹெட் தேடி அலைய வேண்டியதுதான். முதலில் பிளக் துளைகள் வழியாக டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊற விட்டேன். பிறகு முன் பக்கப் புல்லியில் நீண்ட ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்ல அசைத்ததில் எஞ்சின் சுழன்றது. அதன்பின் ராக்கர்களைக் கழற்றி வால்வுகள் எல்லாம் மூடியிருக்கச் செய்து, ஹெட் நட்டுகளையும் எடுத்துவிட்டு, பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, மறுபடி கையால் சுழற்றினேன். பிஸ்டன் மேலே வர, கயிறு ஹெட்டைச் சீராகத் தூக்கிற்று. பத்தொன்பதாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம், ஹெட் விட்டுக்கொடுத்தது. கிராங்க் ஷாஃப்ட் கடைவதையும் ஹெட் முகத்தைச் சமன்படுத்துவதையும் வெளியே கொடுத்தேன். அதற்கு வேண்டிய இயந்திரங்களை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

பிரித்துப் போட்டபோது ஒரு வேடிக்கை. பிறப்பால் இத்தாலி, வளர்ப்பால் பம்பாய் என்றுதான் இந்த வண்டியை நினைத்திருந்தேன். எந்தக் காலத்திலோ மாற்றிய பிஸ்டனில் இந்தியா பிஸ்டன்ஸ் முத்திரை. அது செம்பியம். டைனமோவில் லூகாஸ்-டி.வி.எஸ்., அது பாடி. நம் ஊர்ச் சரக்கு அரை நூற்றாண்டாகத் தாதரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சாமான்களுக்கு ஆபரா ஹவுஸ் கடைகளும் குர்லா சி.எஸ்.டி. ரோடும்தான் கதி. டாக்ஸிகள் இருந்தவரை பல பாகங்கள் சுலபமாகக் கிடைத்தன. பத்மினியின் சாமான் டிலைட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கடைசி டாக்ஸி போன பிறகு கடைக்காரர்கள் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் கிட், வீல் சிலிண்டர் ரப்பர் மூன்றையும் இன்றே வாங்கி வைப்பது நல்லது.

இடையில் ஒரு சபலமும் வந்தது. வேலையில் ஏழெட்டு மாதம் தேங்கி நின்றபோது, தெரிந்த மெக்கானிக் ஒருவர், "சாப், ஒரு ஜப்பான் எஞ்சினும் தரை கியரும் போட்டுத் தருகிறேன், ஏ.சி.கூட வைக்கலாம், பதினைந்து நாள்" என்றார். கணக்குப் பார்த்தால் செலவும் குறைவு. அம்மையாருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஐம்பது வருஷம் கடந்த, வாடகைக்கு விடாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு ஐயாயிரம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாவதற்கு 'வி.ஏ.' என்ற வரிசை. ஆனால் சேஸிஸிலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. ஆகவே எந்த வழியில் பதிவது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டு யோசிப்பதில் பயனில்லை.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டேஷ்போர்டைக் கழற்றியபோது வெயில் படாத இடத்தில் அசல் வெளிர் நீலம் இருந்தது. அந்தத் துண்டைக் காட்டி நிறம் கலந்து, வெளியே ஒரு பூத்தில் அடித்தோம்.

2024 பிப்ரவரியில் வண்டி காலனிக்குப் போயிற்று. அம்மையாருக்கு எண்பத்தேழு ஆகியிருந்தது. பார்வை மங்கிவிட்டபடியால் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன் ஸீட்டில் உட்கார்ந்தார். ஃபைவ் கார்டன்ஸை இரண்டு சுற்று சுற்றினோம். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது எஞ்சின் ஒரு மாதிரி முனகும். அந்த இடம் வந்ததும், "ஆம், இதுதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் பேசவில்லை. அந்த வருஷ மழைக்காலத்தில் காலமானார்.

வாங்கிய விலை நீங்கலாக மொத்தச் செலவு மூன்று லட்சத்துப் பத்தாயிரம். விற்றால் அது திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு, வராது. முதலீடாக நினைப்பவர்கள் தங்கம் வாங்கலாம்.

இப்போது வந்திருக்கும் புதிய தலைவலி பெட்ரோல். 2025-க்குள் 20 சதவீத எதனால் கலந்த இ-20 நாடெங்கும் வந்துவிட்டது. இந்த வண்டி செய்யப்பட்ட காலத்து ரப்பரும் கார்க்கும் எதனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் உப்பும், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் கெடும். எதனால் ஈரத்தை இழுப்பதால், நிற்கும் வண்டியில் டாங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். எதனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். ஓட்டுவதானால் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிஷம் உறும விடுவதால் பயன் இல்லை.

வண்டியில் ஒரே ஒரு குறை பாக்கி. இடது பின் கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் அசல் கைப்பிடி இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஒரு ஸ்பேனரால் சுற்றுகிறேன். பழைய டாக்ஸிக்காரர் யாரையாவது அறிந்த அன்பர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லி வைத்தால், நானே நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன்.